பள்ளிகளில் பொருள்நோக்கு நிரலாக்கக் கல்வி

பொருள்நோக்கு நிரலாக்கத்தையும் அதனோடு சேர்ந்த மென்பொருள் வடிவமைப்பையும் பள்ளி மாணவர்களுக்குக் கற்பிக்கும் முயற்சி 1970களில் கலிபோர்னியாவில் தொடங்கியது. இன்று ஜாவா, சி++, பைத்தான் ஆகிய மொழிகளின் வழியாகப் பல நாடுகளின் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் அது இடம்பெற்றுள்ளது. இக்கல்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. பொருள்களுக்கு வார்ப்பாகும் இனக்குழு, அதிலிருந்து படைக்கப்படும் பொருள், ஓர் இனக்குழுவிலிருந்து இன்னொன்றைத் தருவிக்கும் மரபுரிமம், ஒரே அழைப்புக்குப் பொருளுக்கேற்ப வெவ்வேறு நடத்தை தரும் பல்லுருவாக்கம் போன்ற கருத்துகளை ஒரு மொழியின் இலக்கணப்படி எழுதப் பழகுவது முதற்பகுதி. எந்தப் பொறுப்பை எந்த இனக்குழுவிடம் ஒப்படைப்பது என்று முடிவுசெய்யப் பழகுவது இரண்டாம் பகுதி. முதலாவதைச் சில வாரங்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இரண்டாவதுதான் வடிவமைப்பு. அதைப் பதினாறு வயது மாணவருக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாக விடை தேடி வருகிறார்கள்.

தொடக்கம்

இனக்குழு, பொருள், மரபுரிமம் ஆகிய மூன்றும் முதன்முதலாக ஒரே மொழியில் கூடியது நார்வேயில். ஆஸ்லோவிலுள்ள நார்வே கணினி மையத்தில் ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நைகார்டு இருவரும் உருவாக்கிய சிமுலா 67 அந்த மொழி. துறைமுகம், வரிசை, தொழிற்சாலை போன்றவற்றின் இயக்கத்தைக் கணினியில் பாவித்துப் பார்க்க வேண்டும் என்ற தேவையிலிருந்து அது பிறந்தது. தனித்தனிப் பொருள்கள் தத்தம் நிலையை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஊடாடும் காட்சி பாவிப்புக்கு இயல்பானது. பள்ளிகளில் இம்முறையைக் கற்பித்தவர்கள் பின்னாளில் மீன்களும் வண்டுகளும் உலவும் பாவிப்புகளை நாடியதற்கும் இதுவே காரணம்.

அடுத்த கட்டம் 1970களில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் நடந்தது. ஆலன் கே, அடேல் கோல்ட்பெர்க், டான் இங்கால்ஸ் முதலியோர் அங்கே ஸ்மால்டாக் மொழியை உருவாக்கினர். சிறுவர்கள் பயன்படுத்த வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே அம்மொழியின் நோக்கம். கோல்ட்பெர்க் வகுத்த பாடத்தில் ஜோ என்றொரு பெட்டி திரையில் தோன்றும். வளரச் சொன்னால் வளரும், திரும்பச் சொன்னால் திரும்பும். அங்கிருந்து தொடங்கிய மாணவர்களுள் 12 வயதுச் சிறுமி ஒருத்தி படம் வரையும் கருவியையே எழுதினாள்.

பெரியவர்களுக்கு இதே மொழியைக் கற்பித்தபோது கே கண்டது வேறு. ஸ்மால்டாக்கின் தொடக்ககால வரலாற்றைப் பற்றி 1993இல் எழுதியபோது அவர் அதைப் பதிவுசெய்திருக்கிறார். நிரலாக்கம் அறியாத பெரியவர்கள் மொழியை எளிதில் பிடித்துக்கொண்டனர். ஆனால் முகவரிகளைச் சேமித்துத் தேடும் சிறிய நிரல் ஒன்றை எழுதச் சொன்னதும் திகைத்து நின்றனர். கே தாமே அந்த நிரலை எழுதி, எளிதில் தோன்றாத கருத்துகள் அதில் எத்தனை என்று எண்ணினார். 17 இருந்தன. கட்டடக்கலையில் வளைவைப் போன்றவை அவற்றுட் சில. பார்த்தவருக்கு எளிது, பார்க்காதவர் தாமாகக் கண்டுபிடிப்பது அரிது. மொழியைக் கற்பதும் வடிவமைக்கக் கற்பதும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

ஏபி தேர்வும் கிரிட்வேர்ல்டும்

அமெரிக்காவில் காலேஜ் போர்டு நடத்தும் ஏபி கணினி அறிவியல் தேர்வு 1984இல் பாஸ்கல் மொழியில் தொடங்கியது. 1999இல் சி++ மொழிக்கும் 2004இல் ஜாவாவுக்கும் மாறியது. கல்லூரியின் முதலாண்டுப் பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க உதவும் தேர்வு என்பதால், அதன் பாடத்திட்டம் நாடு முழுவதும் ஆசிரியர்கள் கற்பிக்கும் முறையை மாற்றியது.

இத்தேர்வில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்த ஒரு வழக்கம் தனிக் கவனத்துக்குரியது. பிறர் எழுதிய, பல இனக்குழுக்கள் கொண்ட ஒரு முழு நிரலை எல்லா மாணவர்களும் ஆண்டு முழுவதும் படிக்க வேண்டும். அதை நீட்டியும் மாற்றியும் எழுதும் வினாக்கள் தேர்வில் வரும். சி++ காலத்தில் வந்து ஜாவாவுக்கும் மாற்றப்பட்ட கடல்வாழ் உயிரியல் பாவிப்பில் மீன்கள் கட்டங்களுக்கிடையே நீந்தின. 2008 முதல் 2014 வரை அந்த இடத்தில் இருந்தது கிரிட்வேர்ல்டு. ஆலிஸ் பிரேடியின் முந்தைய நிரலை அடிப்படையாகக் கொண்டு கே ஹோர்ஸ்ட்மன் எழுதியது அது. நான்கு விரிவான வினாக்களுள் ஒன்று அதிலிருந்து வந்தது.

கிரிட்வேர்ல்டில் கட்டங்கள் நிறைந்த ஒரு தளம். அதில் வாழ்வன எல்லாம் ஆக்டர் என்னும் இனக்குழுவிலிருந்து தருவிக்கப்பட்டவை. பக் என்னும் வண்டு எதிரே இடமிருந்தால் ஒரு கட்டம் முன்னேறி, தான் நின்ற இடத்தில் ஒரு பூவை விட்டுச் செல்லும். பாறையோ தளத்தின் விளிம்போ குறுக்கிட்டால் 45 பாகை வலப்புறம் திரும்பும். பூ குறுக்கிட்டால் அதன்மேல் ஏறிப் போய்விடும். மாணவர் முதலில் நிரலைப் பார்ப்பதில்லை. வண்டை ஓடவிட்டு, அதன் நடத்தையைக் கவனித்து, விதிகளை ஊகித்து எழுதிய பிறகே மூல நிரலைத் திறக்கிறார்.

அடுத்து பாக்ஸ்பக். இது வண்டிலிருந்து தருவிக்கப்பட்டு, சதுரமாக நடக்கிறது. நடந்த அடிகளின் எண்ணிக்கை, பக்கத்தின் நீளம் ஆகிய இரண்டு தரவு உறுப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஒரேயொரு செயற்கூறு மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. பக்கம் முடிந்ததும் இரண்டு முறை திரும்பினால் 90 பாகை. ஒரு முறை மட்டும் திரும்பும்படி மாற்றினால் என்ன ஆகும் என்பது பயிற்சி வினா. மாணவர் ஓட்டிப் பார்க்கிறார், வண்டு எண்கோணம் வரைகிறது. முன்னேறுவதற்கும் திரும்புவதற்கும் உரிய நிரலை அவர் தொடவே இல்லை. மரபுரிமம் எதற்காக என்று விளக்க அதற்குமேல் ஒரு வரியும் தேவைப்படாது.

கிரிட்வேர்ல்டின் உச்சம் கிரிட்டர் என்னும் இனக்குழு. அது தன் முறை வரும்போது ஐந்து படிகளைத் தவறாத வரிசையில் செய்கிறது. அண்டை அயலாரைத் திரட்டுகிறது, அவர்களை ஏதோ செய்கிறது, போகக்கூடிய இடங்களைத் திரட்டுகிறது, ஒன்றைத் தேர்கிறது, அங்கே நகர்கிறது. ஒவ்வொரு படியும் தனிச் செயற்கூறு. புதுவகை உயிரியைப் படைப்பவர் வரிசையைத் தொடாமல் படிகளை மட்டும் மாற்ற வேண்டும். அண்டையிலிருக்கும் ஒருவரின் நிறத்தை எடுத்துக்கொள்ளும் பச்சோந்திக்கு மாறியவை இரண்டு படிகளே. படி ஒவ்வொன்றுக்கும் நிபந்தனையும் உண்டு. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் படி எவருடைய நிலையையும் மாற்றக்கூடாது. இந்நிபந்தனையை மீறிய விடை சரியாக ஓடினாலும் வடிவமைப்பில் தவறானது. ஓடுகிற நிரலுக்கும் நல்ல நிரலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பொதுத்தேர்வு இத்தனை நேரடியாகச் சோதித்தது பெரிய சாதனை.

2014க்குப் பிறகு கிரிட்வேர்ல்டு கைவிடப்பட்டு, அதன் இடத்தில் சிறிய ஆய்வகப் பயிற்சிகள் வந்தன. 2025-26 கல்வியாண்டில் மரபுரிமமே பாடத்திட்டத்திலிருந்து நீங்கியது. இனக்குழுவை எழுதுவதும் பொருள்களைப் பயன்படுத்துவதும் தொடர்கின்றன. மரபுரிமத்தைக் கல்லூரிக்குத் தள்ளியதில் நியாயம் உண்டு. 1994இல் வெளிவந்த வடிவமைப்புக் கோலங்கள் பற்றிய புகழ்பெற்ற நூலே, மரபுரிமத்தைவிடப் பொருளுக்குள் பொருளை வைத்து ஆள்வதை விரும்பித் தேரச் சொல்கிறது. ஆனால் பிறர் எழுதிய பெரிய நிரலைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் போனது உண்மையான இழப்பு.

கருவிகள்

ஜாவாவில் முதல் நிரலை எழுதும் மாணவர், பப்ளிக், ஸ்டேட்டிக், வாய்ட் என்று பொருள் விளங்காத சொற்களை மந்திரம்போல் தட்ட வேண்டியிருந்தது. இத்தடையை நீக்கியது ப்ளூஜே. மைக்கேல் கோலிங், ஜான் ரோசன்பெர்க் இருவரும் சிட்னி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ப்ளூ என்னும் மொழியிலிருந்து அது 1990களின் இறுதியில் வளர்ந்தது. திரையில் இனக்குழுக்கள் பெட்டிகளாகத் தெரியும். ஒரு பெட்டியைச் சொடுக்கிப் பொருளைப் படைக்கலாம், அப்பொருளின் செயற்கூறுகளை அழைக்கலாம், உள்ளே இருக்கும் மதிப்புகளைத் திறந்து பார்க்கலாம். இத்தனையும் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே. இந்தியாவில் ஐசிஎஸ்இ பள்ளிகளில் 9, 10ஆம் வகுப்புகளிலேயே ஜாவா கற்பிக்கப்படுகிறது. அங்கே ப்ளூஜே பரவலாகப் புழங்குகிறது. கோலிங் குழுவினரின் கிரீன்ஃபுட் 2006இல் வந்தது. சிறு விளையாட்டுகளை எழுதவைத்து அதே கருத்துகளைக் கற்பிப்பது அது.

மாணவர்கள் தடுமாறும் இடங்கள்

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாலண்ட், கிரிஃபித்ஸ், உட்மன் மூவரும் 1997இல் இத்தடுமாற்றங்களைத் தொகுத்தனர். அவற்றுள் ஒன்று இனக்குழுவையும் பொருளையும் ஒன்றெனக் கொள்வது. ஓர் இனக்குழுவிலிருந்து ஒரே பொருளை மட்டும் படைத்துக் காட்டும் ஆசிரியர்தான் இக்குழப்பத்தை விதைக்கிறார். இரண்டு பொருள்களையாவது படைத்துக் காட்ட வேண்டும். தரவு உறுப்புகளும் ஒரே வகையாக இல்லாமல் கலந்திருக்க வேண்டும். இன்னொன்று, இரண்டு மாறிகள் ஒரே பொருளைச் சுட்டக்கூடும் என்பது பிடிபடாமை. ஒரு வண்டைப் படைத்து, அதை இன்னொரு மாறிக்கும் மதிப்பிருத்தி, இரண்டாம் மாறியின் வழியாக நகர்த்தினால் திரையில் நகர்வது அதே வண்டுதான். திரையில் கண்ட மாணவர் அதை மறப்பதில்லை.

விலங்கு, நாய், பூனை என்று தொடங்கும் வழக்கமான எடுத்துக்காட்டுகளால் பயன் குறைவு. நாய் குரைப்பதாகவும் பூனை கத்துவதாகவும் ஒரு வரி அச்சிடும் நிரலில் தீர்க்க வேண்டிய சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் இல்லாத இடத்தில் மாணவர் எதையும் முடிவுசெய்ய வேண்டியதில்லை, ஆகவே வடிவமைப்பும் இல்லை.

வடிவமைப்புப் பயிற்சி

கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம் இருவரும் 1989இல் அறிமுகப்படுத்திய அட்டை முறைக்குக் கணினியே தேவையில்லை. ஓர் இனக்குழுவுக்கு ஓர் அட்டை. அதில் பெயர், பொறுப்புகள், உதவிக்கு நாடும் பிற இனக்குழுக்கள் ஆகியவற்றை எழுத வேண்டும். பொறுப்புகள் அட்டையில் அடங்காவிட்டால் இனக்குழு பெருத்துவிட்டது என்று பொருள்.

பள்ளி நூலகத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் முதலில் எழுதுவது நூலகம், நூல், உறுப்பினர் என்ற மூன்று அட்டைகள். வேலை முழுவதும் நூலகத்தின் தலையில் விழுகிறது. ஒரே தலைப்பில் மூன்று பிரதிகள் இருந்தால் என்ன செய்வது என்று ஆசிரியர் கேட்டதும் நூலும் பிரதியும் பிரிகின்றன. முன்பதிவு நூலுக்கு, இரவல் பிரதிக்கு. அபராதத்தைக் கணக்கிடுவது யார் என்று அடுத்து கேட்கும்போது வகுப்பில் வாதம் எழும். திருப்ப வேண்டிய நாளை அறிந்தது எது? உறுப்பினரும் இல்லை, பிரதியும் இல்லை. இரவல் என்றே ஓர் இனக்குழு வேண்டும் என்று எவரேனும் சொல்லும்வரை ஆசிரியர் பொறுத்திருப்பது நல்லது.

நிரல் எழுதி முடிந்த பிறகு தேவையை மாற்ற வேண்டும். கோடை விடுமுறை நாள்களுக்கு அபராதம் இல்லை என்று புதிய விதி வருகிறது. அபராதக் கணக்கு ஓரிடத்தில் இருந்தவர் ஒரு செயற்கூறைத் திருத்தி முடிக்கிறார். மூன்று இடங்களில் சிதறவிட்டவர் மூன்றையும் தேட வேண்டியிருக்கிறது. தன் வடிவமைப்பின் தரம் அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். முதல் வடிவத்துக்கும் திருத்திய வடிவத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் தரும் ஆசிரியர் இதையும் பாடமாக்கிவிடுகிறார்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் பழைய மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் நூலில் சி++ வழியாக இப்பாடம் இருந்தது. 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் அது முதலாம் ஆண்டுக்கு நகர்ந்தது. பொருள்நோக்கு நுட்பங்கள், இனக்குழுக்களும் பொருள்களும், பல்லுருவாக்கம், மரபுரிமம் என்று இயல்கள் அமைந்துள்ளன. இரண்டாம் ஆண்டில் பைத்தான் மொழியில் இனக்குழு மீண்டும் வருகிறது. கலைச்சொற்கள் முழுவதும் தமிழில் கிடைப்பது தமிழ்வழி மாணவருக்குப் பெரிய துணை. ஆனால் எழுத்துத் தேர்வு வரையறைகளையும், கொடுத்த நிரலின் வெளியீட்டைக் கண்டறிவதையும், சிறு நிரல்களையுமே கேட்கிறது. பொருளைப் படைக்கும்போது இயங்கும் ஆக்கி என்றால் என்ன என்பதற்கு மதிப்பெண் உண்டு. இந்தப் பொறுப்பு எந்த இனக்குழுவுக்கு உரியது என்ற கேள்விக்குத் தாளில் இடமில்லை.

அதற்கான இடம் செய்முறை வகுப்பு. அட்டை முறைக்குத் தேவை தாளும் ஒரு பாடவேளையும்தான். கிரிட்வேர்ல்டின் மூல நிரல் குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். ஜாவாவின் இலக்கணம் சி++ மொழியை ஒட்டியது என்பதால், முதலாம் ஆண்டை முடித்த மாணவர் பாக்ஸ்பக் நிரலை ஆசிரியரின் சிறிய உதவியோடு படித்துவிடுவார்.