கிலாஃபத்: ஒரே சொல், மோதிக்கொள்ளும் இயக்கங்கள்

2024 ஜூன் 30 அன்று தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களில் பத்து இடங்களில் சோதனை நடத்திய என்.ஐ.ஏ., தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த இருவரைக் கைது செய்தது. ரகசிய பயான்கள் நடத்தி ஹிஸ்புத் தஹ்ரீருக்கு இளைஞர்களைத் திரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு தீர்ப்பாகாது என்பதை நாம் மறக்கக் கூடாது. அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று மத்திய அரசு அந்த இயக்கத்தைத் தடை செய்தது.

ஹிஸ்புத் தஹ்ரீரும் ஐ.எஸ்.ஸும் ஒன்றுதானா? இல்லை. 1953இல் ஜெருசலேமில் தகியுத்தீன் நபஹானி தொடங்கிய இயக்கம் இது. ஆயுதம் ஏந்த மாட்டோம் என்பார்கள். ஆனால் தேர்தலையும் ஏற்பதில்லை; ராணுவத்தில் செல்வாக்குள்ளவர்களின் ஆதரவோடு ஆட்சியைப் பிடிப்பதே அவர்களது வழி. பயானில் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு இரண்டாம் பாதி தெரிவதில்லை.

இவர்களுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. 2014 பிப்ரவரியில் அல்காயிதா, ஐ.எஸ்.ஸுடன் தனக்குத் தொடர்பே இல்லை என்றது. அந்த ஜூன் மாதம் பக்தாதியின் ஆட்கள் கிலாஃபத்தை அறிவித்தபோது, அது செல்லாது என்றது ஹிஸ்புத் தஹ்ரீர். அல்காயிதாவின் சிரியக் கிளையாக இருந்த நுஸ்ரா முன்னணி 2016இல் பெயரையும் உறவையும் மாற்றிக்கொண்டது. பின்னர் ஹயாத் தஹ்ரீர் அஷ்ஷாம் ஆகி, 2023இல் இத்லிபில் ஹிஸ்புத் தஹ்ரீர்காரர்களையே சிறையில் அடைத்தது. 2024 டிசம்பரில் டமாஸ்கஸையும் பிடித்தது. உலகளாவிய ஜிஹாத் என்று தொடங்கியவர்கள் இன்று உலக நாடுகளின் அங்கீகாரத்தைத் தேடுகிறார்கள்!

ஐ.எஸ். வேறு வழியில் மாறியது. 2019 மார்ச்சில் சிரியாவில் கடைசித் துண்டு நிலத்தையும் இழந்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 21 அன்று, இலங்கையில் அதற்கு பைஅத் செய்த உள்ளூர்க் குழு தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. குழுவின் தலைவர் காத்தான்குடி ஸஹ்ரான் பேசியது நம் தமிழில். அவரைப் பற்றி அங்குள்ள முஸ்லிம்களே முன்பே அதிகாரிகளிடம் புகார் செய்திருந்தார்கள். தாக்கியவர்களின் ஜனாஸாவை ஏற்க மாட்டோம் என்றது அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா.

நம் நாட்டுச் சட்டமோ இந்தக் கொள்கை வேறுபாடுகளைப் பார்ப்பதில்லை. தடை செய்யப்பட்ட பயங்கரவாத அமைப்பின் செயல்பாடுகளை வளர்க்கும் நோக்கத்தோடு அதனுடன் தொடர்பு வைத்துக்கொண்டால் உபா சட்டத்தின் 38ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். குற்றச்சாட்டுக்கு மேலோட்டமான முகாந்திரம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால் ஜாமீனும் கிடையாது.