நகஷிமா, ஜார்ஜ்

நகஷிமா, ஜார்ஜ் (1905–1990): அமெரிக்க மரச்சாமான் கலைஞர், கட்டடக் கலைஞர். ஸ்போக்கேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் கட்டடக் கலை பயின்று, டோக்கியோவில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார்.

ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியின் கட்டுமானத்தை மேற்பார்வையிட 1937-இல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்தார். காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்பத் திருப்பிக்கொள்ளும் சிமென்ட் பட்டைகள், அறைகளுக்குத் தேக்குச் சறுக்குக் கதவுகள் என இன்றும் வியக்கவைக்கும் கட்டடம் அது. வேலைக்கு வந்தவர் சம்பளத்தை விட்டுவிட்டு ஆசிரமவாசியானார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். உழைப்பையே ஆன்மிக சாதனையாகக் கொள்ளும் பழக்கம் அவருக்கு இங்கேதான் படிந்தது. 1939-இல் புதுச்சேரியை விட்டுச் சென்று, பின்னர் அமெரிக்கா திரும்பினார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. மனைவி, கைக்குழந்தை மீராவுடன் நகஷிமாவும் ஐடஹோவின் மினிடோகா முகாமுக்குப் போனார். பெரும் அநீதி அது. அங்கேதான் ஜப்பானிய மரபில் தேர்ந்த தச்சர் கென்டாரோ ஹிகோகாவாவிடம் கைக்கருவி வேலையைக் கற்றார். 1943-இல் ரேமண்டின் உதவியால் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்தார்.

அவர் செய்த மேசை ஒன்றைப் பார்த்தாலே வேறுபாடு புரியும். கறுப்பு வால்நட் பலகையின் ஓரம் நேராக அறுக்கப்படாமல், மரம் வளர்ந்த வளைவிலேயே நிற்கும். கணு, சுழி எதையும் மறைக்கமாட்டார். வேறு தச்சர் கழித்துவிடும் வெடிப்பு விட்ட பலகையை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார். வெடிப்பின் குறுக்கே பள்ளம் கொத்தி, வண்ணத்துப்பூச்சி வடிவ மரக்கட்டையை இறுக்கிப் பொருத்துவார். இடை குறுகி, இருபுறமும் விரிந்த அந்தக் கட்டை வெடிப்பை மேலும் விரியவிடாமல் பூட்டும். பழுதைத் தடுக்கும் அந்தப் பூட்டே மேசைக்கு அழகுமாகிறது.

மரத்தாலான அடிப்பாகம் கொண்ட விளக்குகளையும் செய்தார். 1960-களில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடு பணியாற்றினார். அமெரிக்க அரசியல்வாதி நெல்சன் ராக்ஃபெல்லர் 1973-இல் தம் வீட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட சாமான்களை அவரிடம் செய்யச் சொன்னார்.

பிற்காலத்தில், உலக அமைதியின் அடையாளமாக ஒவ்வொரு கண்டத்திலும் ஓர் அமைதி மேசை வேண்டும் என்று கனவு கண்டார். முதலாவது 1986-இல் நியூயார்க் புனித ஜான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் மகள் மீரா பட்டறையை நடத்தினார். 1996-இல் ஆரோவில்லுக்கும் ஒரு மேசை வந்து சேர்ந்தது. புதுச்சேரிப் பக்கம் போகிறவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்.