தீவகத்தில் நடந்தவர்கள்

கடலும் மலையும் அடுத்தடுத்து நிற்கும் ஓர் ஊரில், அலையோசை கேட்கும் அறையொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, பகற்பொழுதெல்லாம் நடந்து திரிந்து விடுமுறையைக் கழிப்பது மேனாட்டாரிடையே நெடுநாளாக நிலவிவரும் வழக்கம். இன்று அவ்வழக்கம் நமது தீவகத்தையும் எட்டியிருக்கிறது. மலை மட்டுந்தான் இங்கே இல்லை. பனையின் வட்டுக்கு மேலே வானந்தான். எனினும், கடலோர விடுதிகளில் தங்கி, நெடுந்தீவின் கற்சுவர்களுக்கிடையே நடந்து மகிழ்வதற்கென்றே உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர்.

இதை இகழ்வது எம் நோக்கமன்று. ஓய்வும் உலாவும் சீமான்களின் தனிச்சொத்தாக இருந்த காலம் ஒன்றிருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு அண்மையிலுள்ள கிண்டர் மேட்டிலே நடப்பதற்குக்கூடத் தொழிலாளருக்கு உரிமை இருக்கவில்லை. பிரபுக்களின் வேட்டை நிலம் அது. 1932 ஏப்ரல் 24ஆம் நாள் நூற்றுக்கணக்கான இளந்தொழிலாளர் தடையை மீறி அம்மேட்டில் ஏறினர்; ஐவர் சிறைக்குச் சென்றனர். சம்பளத்துடன் கூடிய விடுமுறையை வற்புறுத்தும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழில் அமைப்பு நிறைவேற்றியது 1936இல். ஆகவே, நடந்து மகிழும் விடுமுறை உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற பேறுகளுள் ஒன்று. அதனை மதிப்போம். ஆனால் நடப்பவரின் காலடியிலுள்ள மண்ணில் முன்னர் யார் யார் நடந்தனர், எதற்காக நடந்தனர் என்று கேட்பதும் நமது கடமையாகும்.

தீவகத்துக்கு வந்த அந்நியரைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் முதலில் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்றும் அது விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கலமாயின் பாதிக்குப் பாதி. விருந்தினனைக் காக்கும் சட்டம் அது. ஆயினும் அரசன் தன் பங்கை மறக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். யானை, குதிரைக்கு மட்டும் சலுகை ஏன்? அரசனுக்குப் படை வேண்டும். படைக்கு விலங்கு வேண்டும். துறையிலே அவ்விலங்குகளைப் பிடித்து இறக்கிய கூலியாளுக்கு என்ன பங்கு என்று கல்வெட்டுச் சொல்லவில்லை. கல்வெட்டுகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பின்னர் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும் வந்தனர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையெல்லாம் நம் தீவுகளுக்குச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று, காரைதீவு ஆம்ஸ்ரர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ப்ற். இவற்றுள் டெல்ப்ற் ஒன்றே இன்றும் ஆங்கில வழக்கில் ஊன்றி நிற்கிறது. மக்கள் நாவிலோ அது என்றும் நெடுந்தீவுதான். அங்கே குதிரை வளர்த்தவர்கள் ஒல்லாந்தர். அத்தொழிலை ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொடர்ந்து நடத்தியவன் நோலன் என்னும் அதிகாரி. இலாயத்தின் கற்றூண்களை இன்றைய பயணி படம் பிடிக்கிறான். கேட்பாரற்றுத் திரியும் அக்குதிரைகளின் வழித்தோன்றல்களைக் கண்டு வியக்கிறான். கோடை முற்றினால் அவை நீரின்றிச் சாகின்றன என்பது அவன் படத்தில் விழுவதில்லை. சாந்து பூசாது, முருகைக்கல்லை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி எழுப்பிய வேலிச்சுவர்களே எமக்கு அத்தீவின் தலைசிறந்த காட்சி. நோலனின் பெயரை ஏடுகள் காத்து வைத்திருக்கின்றன. அந்தக் கல்லைச் சுமந்து நடந்தவர்களின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது.

கடலை விட்டு மலையைக் காண விழையும் பயணி தெற்கே செல்கிறான். அங்கும் இதே கதைதான். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைவரை கால்நடையாகவே சென்றனர். கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். கடற்கரையிலிருந்து மலைக்கு நம்மவர் மேற்கொண்ட மாபெரும் நடைப்பயணம் அது. அவர்களை வேலை வாங்கியவர்கள் நுவரெலியாவின் குளிர்ந்த பங்களாக்களில் விடுமுறை கழித்தனர்.

தீவக மக்கள் கடலைக் கடந்து செல்வதும் பொழுதுபோக்குக்கு அன்று. சந்தைக்கும் கந்தோருக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்குமே செல்கின்றனர். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து அவ்வாறு புறப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் கடற்படையினரே என்று உயிர்தப்பியோர் சாட்சி கூறினர். 1990 ஆகஸ்டில் இராணுவம் வேலணைத் தீவில் நுழைந்தபின், ஆயிரக்கணக்கானோர் வீடுவாசலை விட்டு வெளியேறினர். திண்ணைகள் இடிந்து, முற்றத்தில் ஆலும் அரசும் முளைத்த வீடுகளை இன்றும் வேலணையிலும் புங்குடுதீவிலும் வழிநெடுகக் காணலாம். பழைமையின் எழில் என்று சிலர் அவற்றை வியக்கின்றனர். அவை பழைய வீடுகளல்ல. உடையவர்கள் உயிரோடு இருக்கும் வீடுகள். அவர்கள் கனடாவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடலின் நடுவே நிற்பது ஹமன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் கைப்பற்றியது, பிற்காலத்தில் சிறைச்சாலையாயிற்று. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது தென்னிலங்கை இளைஞர்களை அங்கே அடைத்து வைத்தனர். போர் 2009இல் முடிந்தபின் கடற்படையினர் அதனை உல்லாச விடுதியாக்கினர். கைதி கண்ட அதே கடலையே இன்று விருந்தினன் சாளரத்தின் வழியே காண்கிறான். அவன் செலுத்தும் வாடகையில் எதிர்க்கரை மீனவனுக்கு எத்தனை பங்கு? பராக்கிரமபாகுவின் ஆணையிலாவது பங்கு விகிதம் கல்லிலே வெட்டப்பட்டிருந்தது.

இன்னும் ஒன்று: குடிநீர். தீவகத்தில் நல்ல தண்ணீர் அரிது. வேலணையின் சாட்டிப் பகுதியில் மணலுக்கடியில் மழைநீர் மெல்லிய படலமாகத் தங்குகிறது. அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும். அயற்கிராமங்களும் அந்நீரையே நம்பியிருக்கின்றன. நீராடவும் உலாவவும் பயணிகள் நாடும் கடற்கரையும் அதே சாட்டிதான். விடுதிகள் பெருகுமாயின், நன்னீருக்குக் குடத்துடன் நடக்கும் பெண்கள் இன்னும் எவ்வளவு தூரம் நடக்கவேண்டியிருக்கும் என்பதை, திட்டம் வகுப்போர் முதலில் கணக்கிட வேண்டும்.

நெடுந்தீவுக்கு வருபவருள் பெரும்பாலோர் காலைப் படகில் வந்து பிற்பகற் படகில் திரும்புவர். குறிகாட்டுவானை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். இறங்குதுறையில் அவர்களுக்கு அருகே, கைக்குழந்தையோடும் நோயாளியோடும் தீவின் மக்களும் அதே படகுக்காகக் காத்து நிற்கின்றனர். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. பயணிக்கு ஒரு நாள் விடுமுறை கூடும். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவள் கரையிலேயே இருப்பாள்.