கரிசல் வட்டார ஈறுநோயும் லேசரின் இடமும்

கத்தி இல்லை, தையல் இல்லை என்று சொல்லித்தான் ஈறுநோய்க்கான லேசர் சிகிச்சை விளம்பரப்படுத்தப்படுகிறது. அந்த விளம்பரம் லேசரை அறுவை சிகிச்சையோடு ஒப்பிடுகிறது. ஆனால் ஈறில் ரத்தம் கசிந்து, பல் லேசாக ஆடி வருபவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் அறுவையே தேவைப்படுவதில்லை. ஈறுக்கு மேலும் கீழும் படிந்த காரையைச் சுரண்டி வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்தால் போதும். அதிலும் கத்தியில்லை. லேசரை அந்தச் சுத்தம் செய்தலோடு ஒப்பிட்டால், கரிசல் மண்ணான கோவில்பட்டி வட்டாரத்தில் பொதுப்பணம் போக வேண்டிய திசை வேறு என்பது தெளிவாகும்.

மருத்துவமனைகளில் அதிகம் காணப்படும் டயோடு லேசரின் ஒளி (810 முதல் 980 நானோமீட்டர் வரை) நிறமிகளிலும் ரத்தத்திலும் உறிஞ்சப்படுகிறது. மென்திசுவை வெட்டவும் ரத்தக் கசிவை நிறுத்தவும் அது நன்றாக உதவும். கல்லாய் இறுகிய காரையை அகற்றாது. காரையை எடுக்கக்கூடியது 2940 நானோமீட்டர் எர்பியம் வகை. அதன் விலை மிக அதிகம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் காரை அகற்றுதலையே முதன்மைச் சிகிச்சையாக ஏற்றது. சாயத்தோடு சேர்த்துச் செய்யும் ஒளிச் சிகிச்சைக்கு மட்டும் பலவீனமான ஆதரவு தந்தது. ஐரோப்பிய ஈறுநோயியல் கூட்டமைப்பு 2020இல் அதையும் கூடுதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று இலங்கை மலையகத்தில் இருக்கிறது. ஹரால்டு லோவும் உடன் ஆய்வாளர்களும் 480 தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்களை 1970 முதல் 1985 வரை தொடர்ந்து கவனித்தனர். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ இல்லை. எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடமே நோய் விரைவாக முற்றியது. 81 விழுக்காட்டினரிடம் மிதமாக வளர்ந்தது. 11 விழுக்காட்டினரிடம் ஈறழற்சியைத் தாண்டவே இல்லை. இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு எளியது: எல்லோருக்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை, விரைவாக முற்றும் அந்தச் சிறுபான்மையை இளவயதிலேயே கண்டுபிடிக்கும் கண்களே தேவை.

அந்தக் கண்கள் கரிசலில் எங்கே தேட வேண்டும்? தீப்பெட்டித் தொழிலைச் சுட்டிக்காட்டத் தோன்றும். ஆனால் மேலைநாட்டுத் தீக்குச்சித் தொழிலாளர்களின் தாடையெலும்பை அரித்த வெண் பாஸ்பரஸ் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றியது அதற்குப் பின்புதான். எனவே பார்க்க வேண்டியவை புகையிலையும் சர்க்கரை நோயும். ஈறுநோய்க்குச் சிகிச்சை எடுத்தால் சர்க்கரை நோயாளிகளின் மூன்று மாதச் சராசரி அளவு (எச்பிஏ1சி) சுமார் 0.4 புள்ளி குறைகிறது என்று 2022ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வு காட்டியது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. அதே ஊழியர் ஈறில் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று கேட்டு, அப்படி இருப்பவரைப் பல் பிரிவுக்கு அனுப்புவது பெரிய செலவல்ல.

தடையாக நிற்பது அச்சமும் கூலியும். "கிளீன் பண்ணினா பல்லு ஆடிப்போகும்" என்ற நம்பிக்கை வலுவானது. அதில் ஓரளவு அனுபவ உண்மையும் உண்டு. எலும்பு கரைந்த பல்லைக் காரை தற்காலிகமாகத் தாங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளிப்படும். இந்த அச்சத்தை விளக்கித் தீர்க்காமல் லேசரைக் காட்டி ஆற்றுவது வணிகம். இன்னொன்று, நோயின் நிலைக்கேற்ப மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் திரும்ப வந்து சோதித்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் வருமான இழப்பு. எந்த லேசரும் அந்த மறுவருகையை ரத்துசெய்துவிடாது.

லேசருக்கு இங்கே இடமே இல்லை என்பதல்ல. ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையால் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும். மாத்திரையை மாற்றியும் குறையாவிட்டால் அதை வெட்ட டயோடு லேசர் கத்தியைவிட வசதியானது, ரத்தமும் குறைவு. வெட்டிய பிறகும் காரை சேர விட்டால் ஈறு மறுபடி வளரும்.