கோரைக் கிழங்கும் ஒரு வைத்தியரும்

தோட்டத்தில் கோரையைக் கொத்தியவர்களுக்குத் தெரியும். மேலே மண் சுத்தமாகத்தான் இருக்கும். நாலு நாள் கழித்து, கிழங்கு தங்கிய இடத்தில் தலை நீட்டும். சருமப் புற்றுநோயிலும் இந்த ஜாதி உண்டு. வெளியே மிளகளவு தெரிவது உள்ளே எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கண்ணுக்குப் புலப்படாது. மூக்கிலோ இமையிலோ வந்துவிட்டால் ரண வைத்தியருக்குத் தர்மசங்கடம். தாராளமாக வெட்டினால் முகம் போகும். சிக்கனமாக வெட்டினால் நோய் தங்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் பிரெடெரிக் மோஸ். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் மாணவர். எலிகளின் கட்டிகளில் ரசாயனங்களைச் செலுத்திப் பார்க்கும் ஆராய்ச்சியில் உதவியாள். ஜிங்க் குளோரைடு பட்ட இடத்தில் சதை செத்தது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பாடம் செய்து வைத்தது போல எல்லாம் இருந்தபடியே இருந்தன! வேறொருவராயிருந்தால் குப்பியைக் கழுவி வைத்திருப்பார். மோஸ், அந்த மருந்தைக் களிம்பாகத் தடவி, பதமான சதையைத் தட்டையாகச் சீவி, அதன் அடிப்பக்கம் முழுவதையும் பரிசோதிக்கலாமே என்று நினைத்தார். நோய் மிச்சமிருக்கும் இடத்தைப் படம் வரைந்து குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் மறுபடி சீவுவது. வழக்கமான பரிசோதனையில் சதையை ரொட்டி போல நறுக்கிச் சில துண்டுகளைத்தான் பார்ப்பார்கள். இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஓடிய வேர் தப்பிவிடும்.

1936-ல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கி, 1941-ல் எழுதி வெளியிட்டார். சக வைத்தியர்கள் முகம் சுளித்தார்கள். சதையை அரிக்கும் களிம்பு போலி வைத்தியர்களின் சரக்கல்லவா? அவர்கள் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த இனக் களிம்புகளை இன்றும் விற்கிறார்கள். மேலே ஆறி, அடியில் நோய் வளர்ந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மோஸ் நம்பியது மைக்ராஸ்கோப்பை.

களிம்பில் வலியும் அதிகம், நாட்களும் அதிகம். 1953-ல் இமைப் புற்று ஒன்றுக்குச் செய்த சிகிச்சையைச் சினிமாப் படம் எடுத்தபோது, நேரத்தை மிச்சப்படுத்தக் களிம்பில்லாமலே சீவிப் பார்த்தார். அதுவும் பலித்தது! 1970-க்குப் பிறகு மற்றவர்களும் அப்படியே செய்யலானார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்தது.

சருமப் புற்றில் சாதாரணமாகக் காணும் ரகம் ஒன்றைப் பற்றிய பழைய கணக்குகளை 1989-ல் தொகுத்தார்கள். முதல் முறை வந்த புற்று ஐந்தாண்டுக்குள் திரும்புவது, வழக்கமாக வெட்டினால் நூற்றுக்குப் பத்து. மோஸ் முறையில் ஒன்று.

மோஸ் 2002-ல் காலமானார். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கெமோசர்ஜரி', அதாவது ரசாயன ரண சிகிச்சை. ரசாயனம் போனபின் அந்தப் பெயரும் போயிற்று. இப்போது அவர் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள்.