கொடுத்த வாக்கும் பெற்ற வாக்கும்

தமிழிலே ‘வாக்கு’ என்னுஞ் சொல் இரு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. ஒருவன் வாய்திறந்து அளிக்கும் உறுதிமொழியும் வாக்கு. தேர்தற் சாவடியிலே குடிமகன் இடுவதும் வாக்கு. முன்னதை ஆள வருவோன் கொடுக்கின்றான். அதனை நம்பிப் பின்னதை மக்கள் கொடுக்கின்றனர். ஆயின், தான் கொடுத்த வாக்கைக் காத்தால் நாட்டுக்குக் கேடு விளையும் என்று ஒருவன் பின்னர் உணர்வானாயின், அவன் செய்யக் கடவது யாது? அரசியல் தத்துவத்தின் மிகப் பழைய சிக்கல்களுள் இஃது ஒன்று. 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்த சேர் றொபேட் பீல் இச்சிக்கலிலே அகப்பட்ட வரலாற்றை, நேயர்களே, இன்று சிறிது ஆராய்வோம்.

பீலுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினாவுக்கு ஒரு விடை கூறப்பட்டிருந்தது. 1774ஆம் ஆண்டிலே பிறிஸ்டல் நகரத்தின் பிரதிநிதியாகத் தெரிவுசெய்யப்பட்ட எட்மண்ட் பேர்க், வாக்காளரின் முகத்துக்கு நேரே தம் கொள்கையை உரைத்தார். பிரதிநிதி தன் உழைப்பை மட்டுமன்றித் தன் அறிவின் தீர்ப்பையும் மக்களுக்குக் கடமைப்பட்டவன். அவர்களுடைய கருத்துக்காக அத்தீர்ப்பைப் பலியிடுவானாயின் அவன் செய்வது சேவையன்று, துரோகம் என்பதே அவர் கருத்தின் சாரம். பின்னர் அயர்லாந்தின் வாணிபத் தளைகளைத் தளர்த்த வேண்டும் என அவர் வாதாடியபோது பிறிஸ்டல் வணிகர் சினந்தனர். 1780ஆம் ஆண்டுத் தேர்தலில், வெற்றிக்கு வழியில்லை எனக் கண்டு அவர் விலகிக்கொண்டார். கொள்கைக்கு விலையுண்டு என்பதை அவர் அறிந்தேயிருந்தார்.

இனிப் பீலின் காலத்துக்கு வருவோம். நெப்போலியனோடு நடந்த போர் முடிந்த 1815ஆம் ஆண்டிலே, உள்நாட்டுக் கோதுமை குவாட்டர் ஒன்றுக்கு 80 சிலிங் விலையை எட்டும் வரையில் அந்நியக் கோதுமையை விற்பனைக்கு அனுமதியாத சட்டம் ஒன்று இங்கிலாந்திலே இயற்றப்பட்டது. குவாட்டர் என்பது ஏறக்குறைய 480 இறாத்தல். 1828ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டு, உள்நாட்டு விலை ஏற இறங்கும், இறங்க ஏறும் தீர்வை முறை வந்தது. எம்முறையாயினும் நிலப்பிரபுவின் வாரத்துக்கு அரணாகவும் தொழிலாளியின் அப்பத்துக்குச் சுமையாகவுமே அமைந்தது. அந்நிய நாட்டை உணவுக்கு நம்பியிருத்தல் ஆபத்து என்று கூறி மல்தஸ் இச்சட்டத்தை ஆதரித்தார். உணவு விலை உயர்வதால் வாரம் பெருகி இலாபம் சுருங்கும் என்று கூறி றிக்காடோ எதிர்த்தார்.

இச்சட்டத்தை ஆக்கியவர் யார்? நிலவுடைமையாளர் நிறைந்த பாராளுமன்றம். 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரும் வாக்குரிமை ஆண்களுள் ஒரு சிறு பகுதியினருக்கே உரியதாயிருந்தது. பெண்களுக்கு அஃது அறவே இல்லை. வாக்கும் எல்லோரும் அறியப் பகிரங்கமாகவே அளிக்கப்பட்டது. இரகசிய வாக்கெடுப்பு வந்தது 1872ஆம் ஆண்டிலேதான். பண்ணையை வாரத்துக்கு எடுத்த குடியானவன் தன் நிலப்பிரபுவின் கண்ணெதிரே வாக்களித்தான். அத்தகைய வாக்கு யாருடைய வாக்கு என்று கேட்பதிலே தவறில்லை.

மன்செஸ்டரில் 1839ஆம் ஆண்டிலே தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கம் உருவாயிற்று. றிச்சட் கொப்டன், ஜோன் பிறைற் ஆகிய இருவரும் அதன் நாவாக விளங்கினர். கூட்டம் கூட்டியதோடு அவர்கள் அமையவில்லை. ஆண்டுக்கு நாற்பது சிலிங் வருவாயுள்ள சிறு நிலத்தின் உரிமையாளருக்கு வாக்குண்டு என்ற விதியைப் பயன்படுத்தி, தம் ஆதரவாளரை நிலம் வாங்கச் செய்து புதிய வாக்காளரை உண்டாக்கினர். சட்டம் அதனை அனுமதித்தது. அறம் அனுமதிக்குமா என்பது வேறு வினா.

பீல் 1841ஆம் ஆண்டிலே பழமைபேண் கட்சியின் தலைவராகப் பதவிக்கு வந்தார். அவருடைய கட்சியினருட் பெரும்பாலார் தானியச் சட்டத்தைக் காப்பதாக வாக்குறுதியளித்தே வாக்குப் பெற்றவர்கள். ஆயினும் அவர் மனம் மெல்ல மெல்ல மாறிற்று. 1845ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைக் கொடிய நோய் பற்றியது. ஏழை மக்களின் ஒரே உணவு மண்ணுக்குள்ளே அழுகியது. பீல் இரு காரியங்களைச் செய்யத் துணிந்தார். ஒரு இலட்சம் பவுண் செலவிலே அமெரிக்கச் சோளத்தை அரசாங்கத்தின் பெயரால் மறைவாக வாங்குவித்தார். தானியச் சட்டத்தை நீக்கவும் உறுதி பூண்டார். மந்திரிசபை பிளவுபட்டது, டிசெம்பரில் அவர் பதவி துறந்தார். எதிர்க்கட்சித் தலைவர் லோட் ஜோன் றசல் மந்திரிசபை அமைக்க இயலாது போகவே, பீல் மீண்டும் பொறுப்பேற்றார்.

பாராளுமன்றத்திலே டிஸ்ரேலி அவரைச் சொல்லம்புகளால் துளைத்தார். காக்க வருவதாகக் கூறி ஆட்சியைப் பெற்று, காக்க வேண்டியதை அழிப்பது நம்பிக்கைத் துரோகம் என்பதே அவர் வாதம். நேயர்களே, இவ்வாதத்தை எளிதிலே தள்ளிவிட முடியாது. கட்சி கூறும் கொள்கைக்கும் அது செய்யும் செயலுக்கும் தொடர்பில்லையெனின், வாக்காளன் எதனை அளவுகோலாகக் கொண்டு வாக்களிப்பான்?

பீல் முன்னொரு முறையும் கருத்து மாறியவர். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர்வதை நெடுங்காலம் எதிர்த்த அவர், 1829ஆம் ஆண்டிலே அவ்வுரிமையை வழங்க முன்வந்தார். அப்பொழுது தம்மைத் தெரிவுசெய்த ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத் தொகுதியைத் துறந்து, மீண்டும் போட்டியிட்டுத் தோற்றார். வேறொரு தொகுதியின் வழியாகவே சபைக்குத் திரும்பினார். பெற்ற வாக்கை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துப் புதிய தீர்ப்பைக் கேட்டமை நேர்மையான வழி. 1846ஆம் ஆண்டிலே அவர் அவ்வழியில் நாட்டைத் தேர்தலுக்கு அழைக்கவில்லை. பஞ்சம் தேர்தலுக்காகக் காத்திராது என்று அவருக்காக வாதாடலாம். ஆனால் அவருக்கு ஒரு கடன் நிலுவையாயிருந்தது என்பதை மறுக்க இயலாது.

அக்கடனை அவர் தம் பதவியால் தீர்த்தார். மே மாதத்தில் மசோதா 98 வாக்கு வேறுபாட்டால் நிறைவேறியபோது, அவருடைய கட்சியினருள் மூன்றில் இரு பங்கினர் எதிராகவே வாக்களித்தனர். யூன் 25ஆந் திகதி பிரபுக்கள் சபை அதனை ஏற்றது. அதே இரவில் அயர்லாந்து பற்றிய வேறொரு மசோதாவிலே தம் கட்சியினர் பலர் கைவிட அவர் தோல்வியுற்றார். சில நாளில் பதவி விலகினார். அவர் கட்சி பொதுச் சபையிலே தனிப் பெரும்பான்மை பெற 1874ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. டிஸ்ரேலியின் கட்சியும் 1852ஆம் ஆண்டிலே பழைய காப்புக் கொள்கையைக் கைவிட்டமை வரலாற்றின் நகைப்பு.

இத்துடன் கதை முடியுமாயின், தடையற்ற சந்தையே நீதி என்று கூறி நாம் எழுந்துவிடலாம். அயர்லாந்து அவ்வாறு எழ விடாது. 1846ஆம் ஆண்டிலே உருளைக்கிழங்கு மீண்டும், முன்னினும் முற்றாகப் பொய்த்தது. பீலுக்குப் பின்வந்த றசலின் அரசாங்கமும், திறைசேரியிலே நிவாரணத்தை நடத்திய சாள்ஸ் திரெவலியனும் சந்தையின் போக்கிலே தலையிடுதல் தகாது என்னும் கொள்கையை இறுகப் பற்றினர். தானிய ஏற்றுமதி தடுக்கப்படவில்லை. 1847ஆம் ஆண்டுக் கோடையிலே கஞ்சித் தொட்டிகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 இலட்சம் பேருக்கு உணவூட்டின. அரசாங்கத்தால் இயலும் என்பதற்கு அதுவே சான்று. எனினும் சில மாதங்களில் அவை மூடப்பட்டன. சுமை அயர்லாந்தின் வரியிறுப்போர் தலையில் ஏற்றப்பட்டது. ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர்.

சந்தைக்குக் காசின் குரல் மட்டுமே கேட்கும். பசித்தவன் கையிலே காசில்லையெனின் அவன் பசி சந்தைக்குத் தெரிவதில்லை. அரசாங்கத்துக்கு வாக்கின் குரல் கேட்கும். ஆனால் அயர்லாந்தின் நாற்பது சிலிங் வாக்காளரின் உரிமை, கத்தோலிக்கருக்கு விடுதலை கிடைத்த அதே 1829ஆம் ஆண்டிலே பறிக்கப்பட்டிருந்தது. காசுமற்று வாக்குமற்ற மனிதனுக்கு எஞ்சியிருப்பது ஆள்வோரின் மனச்சாட்சி ஒன்றே. அதுவோ ஒரு கோட்பாட்டின் பின்னே மறைந்துகொண்டது.

இவ்வரலாற்றிலே நாம் கற்கக்கூடியவை சில உள. தலைவன் கருத்து மாறுவது குற்றமன்று; மாறியதை வெளிப்படையாகக் கூறி, அதன் விலையைத் தானே இறுக்கிறானா, பிறர் தலையிற் சுமத்துகிறானா என்பதே உரைகல். பீல் தம் பதவியைக் கொடுத்தார். திரெவலியன் கொடுத்தது பிறர் உயிர். சந்தையும் அரசாங்கமும் மனிதனுக்காக அமைந்த கருவிகள். அவற்றுள் ஒன்றைத் தெய்வமாக்கினால், பலி கேட்கும் தெய்வமாகவே அது நிற்கும்.

நாமும் வாக்குச்சீட்டை மடிக்கும்போது, நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பது இயல்பே. அத்துடன் இன்னொன்றையும் கேட்போமாக: வாக்கில்லாதவனுக்கும் காசில்லாதவனுக்கும் இதனால் நேரப்போவது யாது? அக்கேள்வியைக் கேட்டு இடப்படும் வாக்கே, வாக்கு என்னும் சொல்லின் இரு பொருளுக்கும் உரியதாகும்.