ராத்திரி ரெண்டு மணிக்கு மாடு அவிழ்த்தவர்

1978-ல் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாமே) நடந்தது இது. இடுப்பு எலும்பு முறிந்து வந்த ஒரு பெரியவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு டிரிப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "மாட்டை அவுக்கணும், விடுங்கடா" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். கையைக் கட்டச் சொன்னேன். ஒரு தூக்க ஊசியும் போட்டேன். கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

இதற்கு வெகு முன்பே, 1955-ல், பெட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய டாக்டர் லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் ஆன 1193 பேரைப் பற்றியது. ஆபரேஷனுக்கு அப்புறம் ஆளே மாறிப்போனார் என்று வீட்டார் சொன்ன புகாரைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர். பழி மயக்க மருந்தின் தலையில் விழுந்தது.

1958-ல் அமெரிக்காவில் வைஸ்மனும் ஹாக்கெட்டும் வேறு ஒன்றைப் பார்த்தார்கள். கண் ஆபரேஷனுக்குப் பின் கட்டுப்போட்டு இருட்டில் கிடந்தவர்களுக்குப் புத்தி தடுமாறியது. டாக்டர் நெருங்கிப் பழகி, பேசி, அதைத் தடுக்கலாம் என்றார்கள். 1972-ல் வந்த ஓர் ஆய்வில், ஜன்னல் இல்லாத தீவிர சிகிச்சைப் பிரிவில் குழப்பம் இரண்டு மடங்குக்கு மேல். இதையெல்லாம் நாம் படித்தோமா? பரீட்சைக்கு வராததை யார் படிப்பார்!

1990-ல் ஷாரன் இனோயே கண்டுபிடிக்க எளிய வழி தந்தார். திடீரென்று வந்து ஏறி இறங்கும் மாற்றம், கவனம் நிற்காமை. இவை இரண்டோடு, தொடர்பற்ற பேச்சு அல்லது உணர்வு நிலையில் மாற்றம். அப்போதுதான் தெரிந்தது, சத்தம் போடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களையும் நாம் கோட்டை விட்டிருக்கிறோம் என்று.

1998-ல் எட்டு நாடுகளில், 60 வயது தாண்டிய 1218 பேரைச் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேருக்கு நினைவும் கவனமும் குறைந்திருந்தன. மூன்று மாதம் கழித்தும் 9.9 சதவீதம். ரத்த அழுத்தம், ஆக்சிஜன் இறங்குவதுதான் காரணம் என்று எல்லோரும் சந்தேகப்பட்டது நிரூபணமாகவில்லை. 2021-ல் இடுப்பு முறிவு வந்த 1600 பேரில், முதுகில் ஊசி போட்டாலும் முழு மயக்கம் கொடுத்தாலும் குழப்பம் ஏறக்குறைய 20 சதவீதம்தான். மயக்க டாக்டர் நண்பர்கள் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள்.

பலன் தந்தது எது? 2001-ல் மார்கன்டோனியோ குழு 126 இடுப்பு முறிவு நோயாளிகளைப் பார்த்தது. முதியோர் நல டாக்டர் தினமும் வந்து மருந்து, வலி, சாப்பாடு, நடமாட்டம் என்று யோசனை சொன்னதில், குழப்பம் 50 சதவீதத்திலிருந்து 32-க்கு இறங்கியது.

எங்கள் பெரியவருடைய கண்ணாடி நர்ஸ் மேஜை இழுப்பறையில் இருந்தது. மூன்றாம் நாள் அவர் மகள் அதை எடுத்து மாட்டிவிட்டாள். என்னைப் பார்த்து, "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டார். டாக்டர் என்று மட்டும் சொன்னேன்.